பிழைகளைத் தேடிய பேரறிஞர் சாள்ஸ் பபேஜ்

கணனியின் தந்தை யார் என்று வினவினால், சாள்ஸ் பபேஜ் என்னும் பெயரை நம் சிறார்கள் தயங்காது கூறுவர். பாடநூல்களும் பொது அறிவு நூல்களும் அப்பெயரை அவர்களுக்கு மனனமாக்கியுள்ளன. ஆயினும் அப்பெருமகனார் தம் வாழ்நாளில் திட்டமிட்ட பெரிய கணிப்பொறிகளுள் ஒன்றையேனும் கட்டி முடிக்கவில்லை என்பதைப் பலர் அறியார். அச்சிட்ட எண்களிடையே மலிந்துகிடந்த பிழைகளே அவரை அம்முயற்சியில் தூண்டின என்பதையும், அவர் சிறுவனாய் இருந்து கற்ற பாடசாலைகளுள் ஒன்று நமது எட்மண்டனுக்கு அண்டையிலுள்ள என்பீல்டில் இருந்தது என்பதையும் அறிந்தோர் அதனினும் சிலரே. பிழை காண்பதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்ட அவ்வறிஞரின் வரலாற்றை இக்கட்டுரையில் சுருக்கமாக நோக்குவோம்.

இளமையும் என்பீல்ட் பாடசாலையும்

சாள்ஸ் பபேஜ் 1791ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பெஞ்சமின் பபேஜ் டெவன் பகுதியைச் சேர்ந்தவர்; வங்கித் தொழிலிற் பெரும்பொருள் ஈட்டியவர். சிறுவயதிற் கடுங்காய்ச்சலுக்கு ஆளாகி உடல்நலங் குன்றிய மகனைப் பெற்றோர் டெவனிலுள்ள ஒரு நாட்டுப்புறப் பாடசாலைக்கு அனுப்பினர். பிள்ளையின் மூளைக்கு அதிக சுமை கொடுக்கவேண்டாம் என்று ஆசிரியருக்குக் கூறப்பட்டிருந்ததாம். ஆனால் பிள்ளையின் மனமோ ஓய்ந்திருக்கவில்லை. புதிய விளையாட்டுப் பொருள் ஒன்று கைக்கு வந்தால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தாயாரிடம் கேட்பான். கிடைத்த விடை மனநிறைவு தராவிட்டால் அதனை உடைத்தே பார்த்துவிடுவான். இலண்டனில் மேர்லின் என்பவரின் இயந்திரக் காட்சிச்சாலையிற் கண்ட, தானே அசைந்தாடும் வெள்ளிப் பாவை ஒன்று அச்சிறுவனின் உள்ளத்தைக் கவர்ந்தது. பல ஆண்டுகளின் பின் அதே பாவையை ஏலத்தில் வாங்கித் தம் இல்லத்தில் வைத்துக்கொண்டார்.

பின்னர் அவர் என்பீல்டின் பேக்கர் வீதியில், ஸ்டீவன் பிறீமன் என்னும் மதகுரு நடத்திய, ஏறத்தாழ முப்பது மாணவர் பயின்ற சிறு பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். எட்மண்டனும் என்பீல்டும் 1965ஆம் ஆண்டு ஒரே மாநகரப் பிரிவாக இணைக்கப்பட்டமையால், அவரை நம் பகுதியின் பழைய மாணவர் என்று நாம் உரிமையோடு கூறலாம். அப்பாடசாலையின் நூலகமே கணிதத்தில் அவருக்குப் பெருவிருப்பை ஏற்படுத்தியது. பகற்பொழுது போதாதென்று கருதிய அவர், மற்றொரு மாணவனோடு சேர்ந்து அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, வகுப்பறையில் நெருப்பு மூட்டி, ஐந்து மணி கடக்கும்வரை இரகசியமாகப் படித்து வந்தார். இதனை அறிந்து மேலும் சில மாணவர் வலிந்து சேர்ந்துகொள்ள, படிப்பு விளையாட்டாகி, வாணவேடிக்கையில் முடிந்து, குட்டு வெளிப்பட்டது! அவ்வாறு சேர்ந்தவர்களுள் ஒருவரே பிற்காலத்திற் கடற்கதைகள் எழுதிப் புகழ்பெற்ற பிரெடறிக் மரியற் ஆவார்.

1810ஆம் ஆண்டு கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகத்தின் திறினிற்றிக் கல்லூரியிற் புகுந்தபோது, பபேஜின் கணித அறிவு ஆசிரியர் சிலரின் அறிவையும் விஞ்சியிருந்தது. 1812இல் ஜோன் ஹேர்ஷல், ஜோர்ஜ் பீக்கொக் முதலிய நண்பர்களோடு சேர்ந்து, ஐரோப்பியக் கண்டத்தின் புதிய கணித முறையை இங்கிலாந்திற் பரப்புதற்கென ஒரு கழகத்தை நிறுவினார். 1814இல் யோர்ஜியானா என்னும் நங்கையை மணந்தார். 1816இல் றோயல் கழகத்தின் உறுப்பினராயினார்.

அட்டவணைகளில் உறைந்த பிழைகள்

அக்காலத்திற் கணிப்பான்கள் இல்லை. கப்பலோட்டிகள், வானியலாளர், பொறியியலாளர், காப்புறுதிக் கணக்கர் ஆகிய யாவரும் அச்சிட்ட எண் அட்டவணைகளையே நம்பியிருந்தனர். நம் பெற்றோர் பலர் ஊரிலே பாடசாலை நாட்களிற் பயன்படுத்திய மடக்கை வாய்பாட்டை நினைவுகூர்ந்தால் இது விளங்கும். அவ்வட்டவணைகளை மனிதர் கணித்தனர். மனிதர் பிரதி செய்தனர். மனிதர் அச்சுக் கோத்தனர். மூன்று படிகளிலும் பிழை புகுந்தது. நடுக்கடலில் நிற்கும் மாலுமிக்கு ஓர் இலக்கம் பிழைத்தாலும் கப்பல் பாறையில் மோதக்கூடும்.

1821ஆம் ஆண்டு, வானியல் அட்டவணைகளைக் கணித்த இருவரின் விடைத்தாள்களை ஹேர்ஷலும் பபேஜும் எதிரெதிரே அமர்ந்து ஒப்புநோக்கினர். பிழைமேற் பிழை வெளிப்பட்டது. சலிப்புற்ற பபேஜ், இக்கணக்குகள் நீராவியால் இயற்றப்பட்டிருக்கலாகாதா என்று ஏங்கினார். அந்த ஏக்கமே கணனி வரலாற்றின் ஊற்றுக்கண் எனலாம்.

பிழையின் இயல்பை அவர் எத்துணை நுணுகி ஆராய்ந்தார் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1628ஆம் ஆண்டு ஒல்லாந்தில் விளக் என்பவர் வெளியிட்ட மடக்கை அட்டவணையில் இருந்த ஆறு பிழைகள், பின்வந்த பல நாட்டு அட்டவணைகளிலும் அவ்வாறே இடம்பெற்றிருப்பதை அவர் எடுத்துக்காட்டினார். றோயல் கழக நூலகத்திலிருந்த, சீன எழுத்தில் அச்சிட்ட அட்டவணை ஒன்றிலும் அதே ஆறு பிழைகள் காணப்பட்டன! தனித்தனியே கணித்தவர்கள் ஒரே இடங்களில் ஒரேவிதமாகத் தவறுதல் அரிது. ஆகவே அவை யாவும் ஒரே மூலத்திலிருந்து பிரதி செய்யப்பட்டவை என்பது தெளிவாயிற்று. பிழை எங்கிருந்து பிறந்தது என்று அதன் தடம்பற்றிப் பின்னோக்கிச் செல்லும் இம்முறை, இன்றைய மென்பொருள் வல்லுநர் நாள்தோறும் கையாளும் முறையே ஆகும்.

வித்தியாசப் பொறி

பபேஜ் வகுத்த முதற் பொறி வித்தியாசப் பொறி எனப்பட்டது. அதன் தத்துவம் எளியது. 1, 4, 9, 16, 25 என்னும் வர்க்க எண்களை எழுதி, அடுத்தடுத்த எண்களின் வித்தியாசங்களைக் காண்க: 3, 5, 7, 9. அவற்றின் வித்தியாசங்களோ யாவும் 2. எனவே 2ஐக் கூட்டிக்கொண்டே சென்றால், பெருக்கலின்றியே வர்க்க எண்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறக்கும். கூட்டலைப் பற்சக்கரங்கள் செய்யும். விடையை இயந்திரமே அச்சுத் தகட்டிற் பதிக்கும். இவ்வாறு மூன்று படிகளிலும் பிழையை ஒழிப்பதே அவர் நோக்கமாயிருந்தது.

1822இற் சிறு மாதிரி ஒன்றை அவர் செய்து காட்டினார். 1823இல் அரசு 1,500 பவுண் வழங்கியது. ஜோசப் கிளெமன்ற் என்னும் சிறந்த கம்மியர் பணியை ஏற்றார். ஒரே வேளையில் ஆயிரக்கணக்கான உறுப்புகள் அசையும் இயந்திரத்தை எவரும் மனக்கண்ணிற் காண இயலாது என்பதை உணர்ந்த பபேஜ், எந்த உறுப்பு எந்த நேரத்தில் எதனால் அசைகிறது என்பதைக் குறியீடுகளால் எழுதும் ஒரு முறையைத் தாமே வகுத்து 1826இல் வெளியிட்டார். இயந்திரத்தை வார்ப்பதற்கு முன்னரே அதன் குறைகளைத் தாளிற் கண்டறிய அம்முறை உதவிற்று.

ஆனால் விதி வேறாக இருந்தது. 1827ஆம் ஆண்டு ஒன்றிலேயே தந்தையாரையும், ஒரு மகனையும், அருமை மனைவியையும், புதிதாய்ப் பிறந்த குழந்தையையும் அவர் இழந்தார். மனமுடைந்து ஐரோப்பாவிற் சிலகாலம் அலைந்தார். அவருக்குப் பிறந்த எட்டுப் பிள்ளைகளுள் மூன்று ஆண்மக்களே தந்தைக்குப் பின்னும் வாழ்ந்திருந்தனர். 1832இற் பொறியின் ஏழிலொரு பங்கு பூட்டப்பட்டு இனிதே இயங்கியது. அடுத்த ஆண்டே கிளெமன்றுடன் பணம் பற்றியும் தொழிற்கூடத்தை இடம் மாற்றுதல் பற்றியும் எழுந்த பிணக்கால் வேலை நின்றது. அரசு அதுவரை 17,000 பவுணுக்கு மேற் செலவிட்டிருந்தது. 1831இல் ஸ்டீவன்சன் நிறுவனம் கட்டிய நீராவிப் புகையிரத இயந்திரம் ஒன்றின் விலை 800 பவுணுக்கும் குறைவு என்பதோடு ஒப்பிட்டால் இத்தொகையின் பெருமை விளங்கும். 1842இற் பிரதமர் றொபேட் பீல் அரசு இம்முயற்சியை முற்றாகக் கைவிட்டது. பிரதமரை நேரிற் காணச் சென்ற பபேஜ் சினந்து பேசித் திரும்பினார். எண்களிடத்துப் பொறுமையே உருவான அவர், மனிதரிடத்து அப்பொறுமையைக் காட்டவில்லை.

பகுப்புப் பொறியும் எச்சரிக்கை மணியும்

1834 முதல் அவர் மனம் வேறொரு பெரும் பொறியை நாடியது. அதுவே பகுப்புப் பொறி. எண்களைச் சேமிக்கும் பகுதி ஒன்று. கணக்கிடும் பகுதி மற்றொன்று. பட்டுத் துணியிற் பூவேலை நெய்யும் ஜக்காட் தறியிற் போலத் துளையிட்ட அட்டைகளால் ஆணையிடும் முறை. விடைக்கேற்ப அடுத்த செயலைத் தெரிவுசெய்யும் ஆற்றல். இன்றைய கணனியின் நினைவகமும் செயலியும் செய்நிரலும் அன்றே அவர் வரைபடங்களிற் பிறந்துவிட்டன.

இப்பொறியிற் பிழைக்கு எதிராக அவர் அமைத்த ஏற்பாடு ஒன்று வியப்புக்குரியது. கணக்கின் நடுவே ஒரு மடக்கை எண் தேவைப்பட்டால் பொறி மணி அடித்து நிற்கும். பணியாளர் அவ்வெண் துளையிடப்பட்ட அட்டையைத் தேடி எடுத்து நுழைக்கவேண்டும். சரியான அட்டைதானா என்று பொறி தானே சோதிக்கும். தவறான அட்டையாயின் முன்னிலும் உரத்த மணி ஒலித்து, தவறு என்பதைக் காட்டும் தகடு முன்னே தோன்றும். வழுவை விடையிற் கலக்கவிடாது, அது நிகழ்ந்த இடத்திலேயே நிறுத்திக் காட்டும் கருத்து இதுவாகும்.

கவிஞர் பைரனின் மகளாகிய ஏடா லவ்லேஸ் அம்மையார் 1833இற் பபேஜின் நட்பைப் பெற்றார். இப்பொறி பற்றி மெனாபிறியா என்னும் இத்தாலியர் பிரெஞ்சு மொழியில் எழுதிய கட்டுரையை 1843இல் ஆங்கிலத்திற் பெயர்த்து, மூலத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நீளமான குறிப்புகளையும் இணைத்தார். அவற்றுள் பேர்ணூலி எண்களைக் கணிப்பதற்கான 25 படிகள் கொண்ட அட்டவணை உலகின் முதலாவது கணனிச் செய்நிரல் எனப் பலராலும் போற்றப்படுகிறது. அதன் கணித வேலையைத் தாம் செய்து தந்தபோது நேர்ந்த பெருந்தவறு ஒன்றை அம்மையாரே கண்டுபிடித்தார் என்பதைப் பபேஜ் தம் வாழ்க்கை நினைவு நூலில் மறைக்காது பதிவு செய்துள்ளார். இன்னொரு சுவையான செய்தியும் உண்டு. அச்சில் வந்த அட்டவணையின் நான்காம் படியில், வகுக்கப்படும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறியுள்ளன. அச்செய்நிரலை ஓட்டிப் பார்க்க அன்று பொறி இல்லை. ஆகவே அவ்வழு கண்ணில் அகப்படாது அச்சேறிற்று!

இறுதிக் காலம்

1847 முதல் 1849 வரை, குறைந்த உறுப்புகளோடு இரண்டாவது வித்தியாசப் பொறியை அவர் வரைந்தார். 1852இல் அதனை அரசுக்கு அளிக்க முன்வந்தும் ஏற்பார் இல்லை. சுவீடன் நாட்டைச் சேர்ந்த சொயிற்ஸ் தந்தையும் மகனும் தம் கருத்தைப் பின்பற்றி ஒரு பொறியைக் கட்டி முடித்தபோது, பொறாமை கொள்ளாது அவர்களைப் பாராட்டினார். மேரிலிபோனின் டோசெற் வீதி இல்லத்தில், தெருவிசைக்காரரின் இரைச்சலோடு போராடியபடி, இறுதிவரை வரைபடங்களைத் திருத்திக்கொண்டே இருந்த அவர், 1871ஆம் ஆண்டு ஒக்ரோபர் 18ஆம் நாள் மறைந்தார். கென்சல் கிறீன் மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

நூற்றிருபது ஆண்டுகளின் பின்

பபேஜின் பொறிகள் உண்மையில் இயங்கியிருக்குமா என்னும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. அதனைத் தீர்க்க இலண்டன் விஞ்ஞான அருங்காட்சியகம், டொறன் சுவேட் என்பாரின் தலைமையில், இரண்டாவது வித்தியாசப் பொறியைப் பழைய வரைபடங்களின்படியே கட்ட முற்பட்டது. பபேஜின் காலத்தில் எட்டக்கூடிய நுட்பத்துக்கு மேற்படாமல் உறுப்புகள் செய்யப்பட்டன. வரைபடங்களிலும் சில பிழைகள் காணப்பட்டன. அவை அக்காலத்துக்கு ஒத்த முறையிலேயே திருத்தப்பட்டன.

ஏறத்தாழ 4,000 உறுப்புகளும் 2.6 தொன் எடையுமுடைய கணிப்புப் பகுதியைப் பூட்டியபின் உண்மைச் சோதனை தொடங்கியது. பிழையான விடை தருவதிலும் சிக்கி நிற்பதே மேல் என்று பபேஜ் பொறியை வகுத்திருந்தார். ஆதலின் ஏதேனும் சக்கரம் இம்மியளவு விலகினாலும் பொறி முழுவதும் நின்றுவிடும். பிழை உண்டு என்பது அதனால் தெரிந்தது. எங்கே என்பது தெரியவில்லை. உறுப்புகள் யாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருந்தமையால், ஒரு பகுதியை மட்டும் தனியே பிரித்து இயக்கிச் சோதிக்கும் வசதியை அவர் அமைத்திருக்கவில்லை. பொறியியலாளர் அதன் போக்கை அறிந்து, படிப்படியாக ஒவ்வொரு சிக்கலையும் தேடித் தீர்த்தனர். 1991ஆம் ஆண்டு நவம்பர் மாதம், பபேஜின் இருநூறாவது பிறந்தநாளுக்கு ஒரு மாதம் முன்னதாக, அப்பொறி பிழையின்றிக் கணித்தது. அச்சுப் பகுதி 2002இல் நிறைவெய்தியது.

செயலிக்கேற்ற வழுநீக்கி

பிழை உண்டு என அறிதல் ஒன்று. அது எங்கே என அறிதல் வேறு. இவ்விரண்டாவது பணிக்கென்றே கணனி உலகில் வழுநீக்கி என்னும் கருவி தோன்றிற்று. இலக்கண வகுப்பில் வழு, வழாநிலை என்று படிக்கும் நம் மாணவருக்கு இச்சொல் எளிதில் விளங்கும். பபேஜ் பேராசிரியராக இருந்த அதே கேம்பிறிட்ஜில் 1949ஆம் ஆண்டு எட்சாக் என்னும் கணனி இயங்கத் தொடங்கியது. ஓடும் செய்நிரலின் ஆணைகளை ஒவ்வொன்றாய்ப் பின்தொடர்ந்து அச்சிட்டுக் காட்டும் முறையை அங்கு ஸ்டான்லி கில் என்பவர் வகுத்து, 1951இற் கட்டுரையாக வெளியிட்டார். 1986இல் றிச்சட் ஸ்டோல்மன் எழுதிய ஜி.டி.பி. என்னும் வழுநீக்கி பின்னர் பலவகைக் கணனிகளுக்குப் பொருத்தப்பட்டது.

பொருத்துதல் என்றால் என்ன? செயலிகள் பலவகைப்பட்டவை, ஒவ்வொன்றுக்கும் தனிமொழியும் தனிப்பழக்கமும் உண்டு. ஓடும் செய்நிரலை ஓரிடத்தில் நிறுத்த, அவ்விடத்து ஆணையை எடுத்துவிட்டு நிறுத்தற் கட்டளை ஒன்றை வழுநீக்கி தற்காலிகமாக இடுகிறது. இன்ரெல் குடும்பச் செயலிகளில் அக்கட்டளை ஒரே பைற் அளவுடையது. அதன் மதிப்பு 204. நின்றபின் செயலியின் சுட்டு ஒரு படி முன்னே சென்றிருக்கும். வழுநீக்கி அதனைப் பின்னிழுக்கவேண்டும். ஏ.ஆர்.எம். செயலிகளிற் கட்டளையும் வேறு, அளவும் வேறு. ஒரு துணைநிரல் முடிந்தபின் எங்கே திரும்புவது என்னும் முகவரியை இன்ரெல் நினைவக அடுக்கில் வைக்கும், ஏ.ஆர்.எம். தனிப் பதிவகம் ஒன்றில் வைக்கும். இலக்கங்களை வரிசைப்படுத்தும் முறையும் மாறும். 1991 என்பதை 19, 91 என்று இரு துண்டாக வைத்ததாகக் கொள்வோம். முன்பின்னாக வாசிப்பவருக்கு அது 9119 ஆகிவிடும்! இவற்றை அறியாத வழுநீக்கி, செய்நிரலில் இல்லாத பிழையை இருப்பதாகவும் காட்டும். இருக்கும் பிழையை மறைக்கவும் செய்யும். ஆகவே புதிய செயலி ஒன்று தோன்றும்போதெல்லாம், அதன் இயல்பைக் கற்று, அதற்கேற்ப வழுநீக்கியைத் திருத்தியமைக்க வல்லுநர் பல மாதம் உழைக்கின்றனர். விஞ்ஞான அருங்காட்சியகத்துப் பொறியியலாளர் பபேஜின் பொறியோடு பழகிப் பழகிக் கற்றதும் இத்தகைய பாடமே.

மாணவச் செல்வங்களே! வூட் கிறீன் நிலையத்திற் பிக்கடில்லிப் பாதைப் புகையிரதம் ஏறினால், இடையில் மாறாமலே சவுத் கென்சிங்டனை அடையலாம். அங்கு விஞ்ஞான அருங்காட்சியகத்தில் பபேஜின் பொறி நிற்கிறது. அதன் பித்தளைச் சக்கரங்களின் முன் நின்று, தம் பொறி ஒருமுறையேனும் முழுமையாக இயங்குவதைக் காணாது மறைந்த அம்முதியவரை எண்ணிப் பாருங்கள். அவர் முடிக்காத வேலையை, அவர் விட்டுச்சென்ற பிழைகளையும் திருத்தி, நூற்றிருபது ஆண்டுகளின் பின் வேறு கைகள் முடித்தன. அது கைகூடியதற்குக் காரணம், ஒவ்வோர் உறுப்பையும் அவர் தெளிவாக வரைந்து வைத்திருந்தமையே. கணக்கில் விடை பிழைத்தால் தாளைக் கசக்கி எறியாது, எந்தப் படியிற் பிழைத்தது என்று விரல்வைத்துத் தேடுங்கள். பெற்றோரும் பிள்ளையின் பிழையைக் கண்டவுடன் விடையைச் சொல்லிவிடாது, பிழைத்த படியைப் பிள்ளையே காணும்வரை பொறுத்திருப்பார்களாக. என்பீல்டின் வகுப்பறை ஒன்றில் அதிகாலை மூன்று மணிக்குக் கணித நூலைத் திறந்த அச்சிறுவனுக்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.